வெர்னெட்டா கேஸ்கின்ஸ் எண்ணிய ஸ்கூட்டர்கள்

வெர்னெட்டா கேஸ்கின்ஸ் எழுதும் கடிதங்களை நகர நிர்வாகத்தில் யாராவது படிப்பார்கள் என்று எங்கள் தெருவில் ஒருவரும் நம்பியதில்லை. தெருவிளக்கு எரியவில்லை என்று எழுதினார். எட்டு மாதம் கழித்து ஆட்கள் வந்து, நன்றாக எரிந்துகொண்டிருந்த அடுத்த விளக்கை மாற்றிவிட்டுப் போனார்கள். பின்சந்தில் எலி பெருகிவிட்டது என்று எழுதினார். எலிகளை ஒழிப்பது எப்படி என்று நாலு பக்கத் துண்டறிக்கை தபாலில் வந்தது.

"கொண்டுபோய்ச் சந்துல வச்சிட்டு வா நெட்டா, அதுங்களும் படிக்கட்டும்" என்றார் அவருடைய அக்கா ஓசெல்லா.

ஆனாலும் வெர்னெட்டா எழுதுவதை விடவில்லை. அது அவர் ஏற்றுக்கொண்ட வேலை. வாஷிங்டனில் நாலைந்து தெருவுக்கு ஒருவரை ஓட்டுப் போட்டு வட்டாரக் குழுவுக்கு அனுப்புகிறோம். சம்பளம் கிடையாது, அலுவலகம் கிடையாது, கூட்டம் போட நூலகத்துக்காரர்களிடம் நாற்காலி கேட்டு நிற்க வேண்டும். குழு ஒரு கடிதம் அனுப்பினால் நகர நிர்வாகம் அதற்குப் பெருமதிப்புக் கொடுத்தாக வேண்டும் என்று சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது. அந்தப் பதவிக்கு உள்ள சொத்தே அந்த ஒரு வரிதான். எங்கள் நாலு தெருவுக்குப் பதினோரு வருடமாக வெர்னெட்டாதான் உறுப்பினர்.

அதற்கு முன் முப்பத்தோரு வருடம், ஓட்டுநர் உரிமம் கொடுக்கும் அலுவலகத்தில் மூன்றாம் எண் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் பேனாவின் முனையால் அதைத் தட்டிக் காட்டுவார், பேசமாட்டார். பெரிய இடத்துப் பையனையும் குப்பை வண்டி ஓட்டுபவரையும் அதே மாதிரி தட்டித்தான் திருப்பி அனுப்பினார். "மூஞ்சியைப் பாத்து முடிவு பண்றவங்க இந்த ஊர்ல ஏற்கெனவே நிறைய பேர் இருக்காங்க. நான் பேப்பரை மட்டும் பாக்குறேன்" என்பார். கறுப்பினப் பெண்ணாக இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர் அப்படிச் சொன்னால் அதற்குப் பின்னால் நிறைய கதை இருக்கும். அவற்றை அவர் சொன்னதில்லை.

ஸ்கூட்டர் விவகாரம் ஓசெல்லாவின் இடுப்பிலிருந்து தொடங்கியது.

போன வருடம் அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை, ஓசெல்லா ஜார்ஜியா அவென்யூவில் வழக்கமான கடையில் பொரித்த மீனும் மாம்போ சாஸும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற ஸ்கூட்டர் ஒன்று நடைபாதையிலேயே வந்து இடித்தது. ஓட்டியவன் திரும்பிப் பார்த்தான், நிற்கவில்லை. எழுபத்தோரு வயதில் இடுப்பு உடைந்தால் என்ன ஆகுமோ அதெல்லாம் ஆயிற்று. அறுவை சிகிச்சை, ஆறு வாரம் மறுவாழ்வு இல்லம், பிறகு தங்கை வீட்டு முன்னறையில் ஒரு கட்டில், நடப்பதற்கு நாலு கால் சட்டம். வாய் மட்டும் முன்பு போலவே இருந்தது.

வெர்னெட்டா கடிதம் எழுதினார். வழக்கம்போல் பதில் இல்லை. மார்ச் மாதம் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். வெறுமனே புகார் சொன்னால் எவனும் கேட்கமாட்டான், கணக்கெடுத்துக் கொடுப்போம். சர்ச்சுக்கு வந்தவர்களை எண்ணுவதற்கு வைத்திருந்த, கட்டை விரலால் அழுத்தினால் எண் ஏறும் சின்னக் கருவியையும் மடக்கு நாற்காலியையும் எடுத்துக்கொண்டு, இரண்டு வாரம் மாலை ஐந்தரை முதல் ஏழரை வரை தெருமூலைகளில் போய் உட்கார்ந்தார். மொத்தம் ஐந்து மூலைகள். அட்டவணை போட்டார்: எந்த மூலை, என்ன நேரம், எத்தனை ஸ்கூட்டர், நம்பர் பலகை உண்டா. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கடைசியாக, டிக் போடுவதற்கென்று, யாரும் கேட்காத இன்னொரு கட்டப் பத்தியைச் சேர்த்தார்: 'ஓட்டுபவர் உரிமம் இல்லாதவராக இருக்கக்கூடும்.' முப்பத்தோரு வருட அனுபவம். பார்த்தாலே தெரிந்துவிடும் என்று அந்த நேரத்தில் தோன்றியதாம்.

டெய்லர் தெரு மூலையில் ஒரு வியாழக்கிழமை சிவப்பு ஸ்கூட்டர் ஒன்று நடைபாதையில் ஏறி வந்தது. பின்னால் பச்சை நிறப் பழக்கூடை கட்டியிருந்தது. வெர்னெட்டா கருவியை அழுத்தினார், கட்டங்களை நிரப்பினார், கடைசிப் பத்தியிலும் டிக் போட்டார். வண்டி நெருங்கி வந்ததும் ஓட்டியவன் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கி, சிரித்து, கை அசைத்தான்.

"மிஸ் வெர்னெட்டா! குளிருல என்ன பண்றீங்க?"

ருத்தீலியோ. அடுத்த வீட்டு அடித்தளத்தில் மனைவி டெல்மியோடும் மகளோடும் குடியிருக்கிறவன். எல் சால்வடோர் நாட்டிலிருந்து வந்தவன். பகலில் கூரை வேலை, மாலையில் சாப்பாட்டு டெலிவரி. அவனுக்கு ஓட்டுநர் உரிமம் இருந்தது என்பது வெர்னெட்டாவுக்கு நன்றாகத் தெரியும். அதற்கான படிவத்தை அவர் வீட்டுச் சமையலறை மேசையில் வைத்து நிரப்பிக் கொடுத்தவர் அவரேதான்.

வெர்னெட்டாவும் பதிலுக்குக் கை அசைத்தார். அவன் போனபின் அட்டவணையைப் பார்த்தார். டிக் மையில் இருந்தது. அடித்தால் காகிதம் அசிங்கமாகிவிடும். அப்படியே விட்டுவிட்டார்.

அட்டவணையோடு கடிதம் குழுவில் ஏகமனதாக நிறைவேறி எங்கள் பகுதிக் காவல் நிலையத்துக்குப் போனது. பதில் வரவில்லை. கோடையில் அதை எல்லோரும் மறந்துபோனோம்.

ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை காலை, மத்திய அரசு எங்கள் நகரப் போலீசைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. முப்பது நாளைக்கு என்றார்கள். ஊரில் குற்றம் தலைவிரித்தாடுகிறது என்று காரணம் சொன்னார்கள். மறுநாளே சுரங்க ரயில் வாசலில் ராணுவ உடையில் பையன்கள் நின்றார்கள். எங்கெங்கோ மாநிலங்களிலிருந்து வந்தவர்கள், எந்தப் பக்கம் ஏறுவது என்று நம்மிடமே வழி கேட்டார்கள்.

"குற்றமே இல்லேன்னு நான் சொல்லமாட்டேன், என் இடுப்பு சொல்லவிடாது" என்றார் ஓசெல்லா. "ஆனா நம்ம வீட்டு எலியை அடிக்க எவனோ ஒருத்தன் கதவை உடைச்சிட்டு வந்து, இனி இந்த வீட்டுச் சாவி எங்கிட்டதான் இருக்கும்னா, அவன் எலிக்காக வரலடி நெட்டா."

வெர்னெட்டாவின் அப்பா பஸ் ஓட்டினவர். இந்த ஊர் தன் மேயரைத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்று அனுமதி வந்த 1974இல், பஸ் உடுப்போடேயே வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார். பன்னிரண்டு வயது வெர்னெட்டா கூட நின்றார். "இனிமே போலீஸ்காரன் தப்புப் பண்ணா, போய்ச் சட்டையைப் பிடிக்க நமக்கு ஒரு ஆள் இருக்கு" என்று அப்பா வரிசையில் இருந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாராம். எங்கள் ஊர் ஒரு மாநிலம் இல்லை என்பதால் நாடாளுமன்றத்தில் கை தூக்க எங்களுக்கு இன்றைக்கும் ஒரு ஆள் கிடையாது. அந்தச் சட்டை ஒன்றுதான் இருந்தது.

அந்த வாரத்திலிருந்து சாயங்காலம் எட்டு மணிக்கு எதிர்ப்பைக் காட்ட ஊரே வாசலுக்கு வந்து ஐந்து நிமிடம் பாத்திரம் தட்டியது. வெர்னெட்டா நண்டு வேகவைக்கும் பெரிய அலுமினியப் பானையைக் கொண்டுவந்தார். ஓசெல்லா உள்ளேயிருந்து கரண்டியால் தன் நடைச் சட்டத்தைத் தட்டினார். அடுத்த வீட்டு அடித்தளப் படியில் டெல்மி தோசைக்கல் மாதிரியான இரும்புத் தட்டை எடுத்துக்கொண்டு நிற்பாள். ருத்தீலியோ டெலிவரியிலிருந்து அந்த நேரத்துக்கு வந்துவிட்டால் ஹாரன் அடிப்பான். புதன்கிழமையும் அடித்தான்.

வியாழக்கிழமை மாலை ஐந்தே முக்கால். வெர்னெட்டா நூலகத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார். டெய்லர் தெரு மூலையில் தெருவை மறித்து வண்டிகள் நின்றன. எங்கள் நகரப் போலீஸ் நாலு பேர். அவர்களோடு முகத்தை மூடிக்கொண்ட ஏழெட்டுப் பேர், யார் என்று சட்டையில் பெயர் இல்லை. நடைபாதையில் சிவப்பு ஸ்கூட்டர் சாய்ந்து கிடந்தது, பச்சைக் கூடையோடு. அடையாளம் எதுவும் இல்லாத கறுப்புக் கார் ஒன்று கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது. பின் கண்ணாடியில் ருத்தீலியோவின் தலையின் பின்பக்கம் தெரிந்தது. அவனிடம் உரிமம் இருந்தது, காட்டினானாம். அவர்கள் கேட்டது அந்தப் பேப்பரை இல்லை, இந்த நாட்டில் இருக்கலாம் என்கிற பேப்பரை.

"மிஸ் கேஸ்கின்ஸ்!" என்று கூப்பிட்டுக்கொண்டு டாலிவர் வந்தார். எங்கள் பகுதி போலீஸ்காரர். குழுக் கூட்டங்களுக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து, வெர்னெட்டா செய்யும் பவுண்ட் கேக்கில் இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டுப் போகிறவர். "பாத்தீங்களா, உங்க மூலைதான்."

"என் மூலையா?"

"எங்கெங்க நிக்கலாம்னு வந்தவங்க கேட்டாங்க. இடம், நேரம் எல்லாம் போட்டு ரெடியா இருந்தது உங்க பேப்பர் ஒண்ணுதான். எடுத்துக் குடுத்தோம். அஞ்சரையிலேர்ந்து ஏழரை, நீங்க எழுதினபடியே."

"எனக்கு இதுவரைக்கும் ஒரு பதில்கூட வரலியே."

"அதான் வந்திடுச்சே" என்று டாலிவர் சிரித்தார். கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. பிறகு வெர்னெட்டாவின் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "நீங்க சந்தோஷப்படுவீங்கன்னு நினைச்சேன், மிஸ் கேஸ்கின்ஸ். உங்க அக்காவுக்கு நடந்ததுக்கு."

சாய்ந்து கிடந்த வண்டியில் செருகியிருந்த ஃபோன் அடித்தது. வெர்னெட்டா எடுத்தார். ஒரு பெண் குரல், "எங்க இருக்கீங்க? பத்து நிமிஷமா மேப்ல நகரவே இல்லையே" என்றது.

"வந்துகிட்டே இருக்கேன்மா" என்றார் வெர்னெட்டா.

ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. கூடையிலிருந்து பையை எடுத்துக்கொண்டு, ரசீதில் இருந்த முகவரிக்கு மூன்று தெரு நடந்து போய்க் கொடுத்தார். பிறகு வந்து வண்டியை உருட்டிக்கொண்டு டெல்மியின் வாசலுக்குப் போனார். உருட்டும்போது அது நடைபாதையிலேயே போகிறது என்பது பாதி வழியில் உறைத்ததாக என்னிடம் சொன்னார். வண்டியைத் தெருவில் இறக்கவில்லை. இறக்கத் தெம்பில்லை.

அடுத்த நாளிலிருந்து டெல்மி தினமும் வெர்னெட்டாவின் சமையலறைக்கு வந்தாள். ஹோட்டலில் அறை சுத்தம் செய்யும் வேலை முடிந்து, சீருடையோடு வருவாள். அவளுக்குத் தெரிந்த ஒரே அதிகாரி வெர்னெட்டாதான். தன் ஊரில் பெரியவர்களை மரியாதையாகக் கூப்பிடுவது போல் அவரை டோன்யா என்றுதான் கூப்பிடுவாள்.

"டோன்யா வெர்னெட்டா, நீங்க எழுதினா கேப்பாங்க. உங்க பேரைச் சொன்னாலே போலீஸ்காரங்க எந்திரிச்சு நிக்கிறாங்கன்னு அவர் சொல்லுவாரு."

"அவன் சும்மா சொல்லியிருப்பான்" என்றார் வெர்னெட்டா.

"இல்ல, நிஜமா. எழுதுங்க."

எழுதினார். வக்கீலுக்கு, சர்ச்சுக்கு, கூரை வேலை முதலாளிக்கு, பள்ளிக்கூடத்துக்கு. ருத்தீலியோவை வர்ஜீனியாவில் ஓர் இடத்தில் வைத்திருப்பதாகத் தெரிந்தது. அங்கே கூப்பிட்டால் இங்கே இல்லை என்றார்கள், மறுபடி கூப்பிட்டால் இருக்கிறான் என்றார்கள். டெல்மி எதையும் படிக்கமாட்டாள். வெர்னெட்டா விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போடுவாள். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஊர்ச் சோள ரொட்டியான பூபூசாவை ஒரு தட்டு நிறையச் சுட்டு, மேலே முட்டைக்கோஸ் ஊறுகாயும் வைத்து, துணி போட்டு மூடிக் கொண்டுவந்தாள்.

"சாப்பிடுங்க. எனக்காக இவ்வளவு பண்றீங்க."

வெர்னெட்டா ஒன்றை எடுத்து வாயில் வைத்தார். ஒரு கடியோடு மீதியைத் தட்டில் வைத்துத் துணியால் மூடினார். டெல்மி போனதும் ஓசெல்லா முன்னறையிலிருந்து குரல் கொடுத்தார்.

"அவகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"சொல்லாதே. உன் மேல என்ன தப்பு? நடைபாதையில வண்டி ஓட்டாதேன்னு எழுதினே. என் இடுப்புல இரும்பு இருக்கு, வேணும்னா அதைக் காட்டு."

"நான் அதை மட்டும் எழுதல, ஓசெல்லா."

ஓசெல்லாவுக்கு அந்தக் கடைசிப் பத்தி தெரியும். காலி அட்டவணையைத் தட்டச்சு செய்தபோது பக்கத்தில் இருந்தவர். அவர் டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

திங்கட்கிழமை வெர்னெட்டா காதும் காதும் வைத்தாற்போல் காரியத்தை முடிக்கப் பார்த்தார். 'மார்ச் மாதக் கடிதத்தையும் அட்டவணையையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்' என்று எழுதிக் காவல் நிலையத்துக்கு எடுத்துப் போனார். ஜன்னலில் இருந்த பெண் அதை இரண்டு தடவை படித்தாள்.

"திரும்ப வாங்குறதுக்கு ஃபாரம் எதுவும் இல்லையே, மேடம்."

"ஃபாரம் வேண்டாம். அந்த மூலைகள்ல நிக்க வேண்டாம்னு உங்க மேலதிகாரிகிட்ட சொன்னா போதும்."

"மூலை எதுன்னு இப்ப எங்க மேலதிகாரி முடிவு பண்றதில்ல."

"யாரு பண்றாங்க?"

அந்தப் பெண் சுற்றும் முற்றும் பார்த்தாள். "சத்தியமா எனக்குத் தெரியாது. வேணும்னா முத்திரை குத்தித் தர்றேன்" என்றாள். 'பெறப்பட்டது' என்று குத்திக் கொடுத்தாள். முப்பத்தோரு வருடம் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர், முத்திரையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். மறுநாள் மாலை ஐந்தரைக்கு டெய்லர் தெரு மூலையில் மறுபடியும் வண்டிகள் நின்றன. இன்னும் இரண்டு பேரைக் கொண்டுபோனார்கள்.

வட்டாரக் குழுக்கள் ஆகஸ்டில் கூடுவதில்லை. எல்லோரும் கடற்கரைக்குப் போய்விடுவார்கள். இந்த முறை அவசரக் கூட்டம் என்று வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு நூலகத்தின் கீழ்த்தளத்தில் வைத்தார்கள். போலீசை எடுத்துக்கொண்டதை எதிர்த்துத் தீர்மானம். தீர்மானம் எழுதுவதில் வெர்னெட்டாவை விட்டால் ஆள் கிடையாது என்பதால் அவரே எழுதி, அவரே கூட்டத்தில் படிக்க வேண்டும் என்று முடிவாயிற்று. குழுத் தலைவர் ஹோலிஸ் வீட்டன், முப்பத்துநாலு வயது வெள்ளைக்காரப் பையன், அன்று மத்தியானம் சைக்கிளில் வந்து சமையலறையில் உட்கார்ந்து நகலைப் படித்தார்.

"பிரமாதம், மிஸ் கேஸ்கின்ஸ். ஒரே ஒரு வரி சேர்த்திருக்கேன். 'இந்தப் பகுதி மக்கள் இதைக் கேட்கவில்லை.' கைதட்டல் அள்ளும்."

"கேட்டோமே" என்றார் வெர்னெட்டா.

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். டாலிவர் சொன்னதையும் சேர்த்து. ஹோலிஸ் ஹெல்மெட்டை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"அந்தக் கடிதத்துக்கு நாங்க ஏழு பேரும் கை தூக்கினோம். நானும்தான்."

"அட்டவணை நான் போட்டது."

"சரி. ஆனா இதைக் கூட்டத்துல சொல்லாதீங்க. கெஞ்சிக் கேக்குறேன். நாளைக்கே டிவில போடுவான், 'அவங்களேதான் கூப்பிட்டாங்க'ன்னு. மத்த வட்டாரக் குழுவெல்லாம் நம்ம தீர்மானத்தைப் பாத்துத்தான் போடப்போறாங்க. உங்க மனசு லேசாகணும்னு ஊரையே காட்டிக் குடுப்பீங்களா?"

கடைசி வாக்கியம் சுருக்கென்று பட்டது, ஏனென்றால் அதில் கொஞ்சம் நியாயம் இருந்தது. அவர் போனபின் வெர்னெட்டா ஓசெல்லாவின் கட்டிலில் போய் உட்கார்ந்தார்.

"அந்தப் பையன் சொல்றது தப்பில்ல" என்றார்.

"தப்பில்லதான்" என்றார் ஓசெல்லா. "ஆனா அவ உனக்குப் பூபூசா கொண்டு வர்றாளே நெட்டா. நீ தின்னவும் மாட்டேங்குற, வேண்டாம்னும் சொல்ல மாட்டேங்குற. எத்தனை நாளைக்கு நான் ஒருத்தியே தின்னு தீக்குறது?"

நூலகத்தின் கீழ்த்தளத்தில் அறுபது நாற்காலி. நூற்றைம்பது பேர் வந்திருந்தோம். குளிர்சாதனம் திணறியது. டெல்மி இரண்டாவது வரிசையில், ஹோட்டல் சீருடையில், மகளின் பள்ளிப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பின்னால் யாரோ, "மாநில அந்தஸ்து எங்கே?" என்று கத்த, இன்னொருவர், "அதுவும் ஸ்கூட்டர்ல வந்துகிட்டிருக்கு" என்றார். சிரித்தோம். டாலிவர் வரவில்லை.

வெர்னெட்டா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். எங்கள் போலீஸ் எங்கள் மேயருக்குப் பதில் சொல்ல வேண்டும், முகம் மூடியவர்களோடு சேர்ந்து தெருவை மறிக்கக் கூடாது, பிடித்துப் போனவர்களின் பெயர்களைச் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கைதட்டல். ஹோலிஸ் சேர்த்த வரி வந்தது. "இந்தப் பகுதி மக்கள் இதை" என்று படித்தவர் நிறுத்தினார். பேனாவை எடுத்து, அதன் முனையால் அந்த வரியைத் தட்டினார். மைக்கில் டொக் டொக் என்று கேட்டது.

"இதை நான் அடிக்கிறேன். இது உண்மையில்ல" என்றார்.

ஹோலிஸ் தலையைக் குனிந்துகொண்டார்.

வெர்னெட்டா மார்ச் மாத அட்டவணையைக் கையில் எடுத்து எல்லோருக்கும் தெரியும்படி பிடித்தார். ஐந்து மூலைகளின் பெயரையும் படித்தார். நேரத்தையும் படித்தார். கடைசிப் பத்தியின் தலைப்பைப் படித்தார். "டெய்லர் தெரு மூலையில, வியாழக்கிழமை, ஆறு மணி பத்து நிமிஷம். சிவப்பு வண்டி, பச்சைக் கூடை. அதுக்கு நேரா நான் போட்ட டிக் இருக்கு. வண்டியில வந்தவன் எனக்குக் கை அசைச்சான். நானும் அசைச்சேன். ஆனா டிக்கை அடிக்கல. பேப்பர் அழகா இருக்கணும்னு விட்டுட்டேன்."

டெல்மி எழுந்தாள். பையை நாற்காலியில் வைக்கவில்லை, கையிலேயே பிடித்திருந்தாள்.

"அவர்கிட்ட லைசென்ஸ் இருந்துச்சு. நீங்கதான் ஃபாரம் நிரப்பிக் குடுத்தீங்க."

"ஆமா."

"அப்போ எதைப் பாத்து அந்த டிக் போட்டீங்க?"

"ஹெல்மெட் போட்டிருந்தான். முகம் தெரியல." வெர்னெட்டா கண்ணாடியைக் கழற்றினார். "கையோட, தாடையோட நிறத்தைப் பாத்துப் போட்டேன்."

டெல்மி பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். பிறகு வரிசையில் இருந்தவர்களின் கால்களைத் தாண்டிக்கொண்டு வெளியே போனாள். வழி விடுவதற்காக எல்லோரும் எழுந்து எழுந்து உட்கார்ந்தோம், அதற்கு நிறைய நேரம் ஆனது போல் இருந்தது.

"இதையெல்லாம் இப்ப எதுக்கு இழுக்கணும்? அவனுங்களுக்கு அல்வா கெடச்ச மாதிரி ஆகாதா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"ஆகும்" என்றார் வெர்னெட்டா. "திங்கட்கிழமை அதை வாபஸ் வாங்கப் போனேன். எங்கிட்ட வாங்கிக்க அங்க ஆளில்ல. போன வருஷம் இப்படி ஒரு தப்புப் பண்ணியிருந்தா கேப்டன் மேசையில போய் நின்னு, அவன் வாங்குற வரைக்கும் கத்தியிருப்பேன். இப்ப நான் செஞ்ச தப்பையே என்னால திரும்ப வாங்க முடியல. தீர்மானத்துல அதை எழுதுங்க. கேட்டோம்னு எழுதுங்க, தப்பாக் கேட்டோம்னு எழுதுங்க, திருப்பிக் கேக்க ஆளில்லேன்னும் எழுதுங்க."

அடித்துத் திருத்தி எழுதுவதற்கு அரை மணி நேரம் பிடித்தது. ஏழு பேரில் ஐந்து பேர் கை தூக்கினார்கள். ஹோலிஸும் தூக்கினார், வெர்னெட்டாவைப் பார்க்காமல். அவர் பயந்தது நடந்தது. இரண்டு நாள் கழித்து ஒரு டிவியில் அந்த வாக்கியத்தில் 'கேட்டோம்' என்கிற முதல் பாதியை மட்டும் போட்டார்கள். தெருவில் சிலர் வெர்னெட்டாவிடம் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஒரு பெண்மணி தைரியசாலி என்று கட்டிப்பிடிக்க வந்தபோது அவர் பின்னால் நகர்ந்துகொண்டார்.

கூட்டம் முடிந்த அன்று எட்டு மணிக்கு ஊர் பாத்திரம் தட்டியது. வெர்னெட்டா நண்டுப் பானையோடு வாசலில் நின்றார். அடுத்த வீட்டு அடித்தளப் படியில் யாரும் இல்லை. உள்ளே விளக்கு எரிந்தது. ஐந்து நிமிடமும் அவர் பானையைத் தட்டினாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது, நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

டெல்மி பன்னிரண்டு நாள் வரவில்லை. ருத்தீலியோவைத் தெற்கே எங்கோ மாற்றிவிட்டார்கள் என்று வக்கீல் மூலம் தெரிந்தது. பதின்மூன்றாம் நாள் மாலை கதவு தட்டப்பட்டது. சீருடை, கையில் கோப்பு. தட்டு இல்லை.

"நீதிபதிக்குக் கடிதம் வேணுமாம். அக்கம்பக்கத்துக்காரங்க யாராவது எழுதணும்னு வக்கீல் சொன்னாரு. மிஸ் கேஸ்கின்ஸ், நீங்க எழுதணும்."

டோன்யா வெர்னெட்டா என்று கூப்பிடவில்லை. வெர்னெட்டா நாற்காலியை இழுத்துப் போட்டார். அவன் எத்தனை வருடமாக இங்கே இருக்கிறான், எந்தக் கூரைகளை வேய்ந்தான், பள்ளி விழாவுக்கு யார் நாற்காலி தூக்கினார்கள் என்றெல்லாம் எழுதினார். நல்ல கடிதம். கையெழுத்துப் போடப் பேனாவைத் திருப்பினார்.

"அதையும் எழுதுங்க" என்றாள் டெல்மி.

"எதை?"

"அந்த டிக்கை. லைசென்ஸ் இருக்குன்னு தெரிஞ்சும் அடிக்காம விட்டதை. யாரு போட்டது, எதைப் பாத்துப் போட்டதுன்னு. உங்க பேரோட."

முன்னறையில் டிவியின் சத்தம் நின்றது. வெர்னெட்டா புதுத் தாள் எடுத்து மறுபடி முதலிலிருந்து எழுதினார். ஒன்றரைப் பக்கம் வந்தது. ஓரிடத்தில் தப்பாக எழுதி அடித்தார், அந்த அடித்தலோடு அப்படியே விட்டார். கையெழுத்துப் போட்டு மேசையின் அந்தப் பக்கம் தள்ளினார்.

டெல்மி முதல் வரியில் விரலை வைத்தாள். ஒவ்வொரு சொல்லாக, உதடு அசைய, மெதுவாகப் படித்தாள். தெரியாத சொல்லில் விரல் நின்றது. அவள் கேட்டாள், வெர்னெட்டா சொன்னார், விரல் நகர்ந்தது. அடுப்பில் வைத்திருந்த பட்டாணி அடிபிடிக்கும் வாசனை வந்தது. வெர்னெட்டா எழுந்திருக்கவில்லை.

கடைசி வரிக்கு வந்ததும் டெல்மி தாளைத் திருப்பி, முதல் பக்கத்தை மேலே வைத்தாள்.

"இன்னொரு தடவை படிச்சிடுறேன்" என்றாள்.

"படி" என்றார் வெர்னெட்டா.